பதினேழாம் சீட்டு

"சீட்டு எண் 17. தேதி 3.8.1999, செவ்வாய்க்கிழமை. எந்தக் கோப்பு: தேதித் தொகுப்பில் ஆண்டு கணக்கிடும் பகுதி. என்ன மாற்றம்: பசலி ஆண்டு சேர்த்தது; ஜூலை முதல் தேதி பிறப்பு; ஒன்பது வரி. ஏன்: சாகுபடிச் சான்றுக்குத் தேவை. வீட்டுக்காரருக்கு எழுதியாச்சா: இல்லை. எப்போது எடுக்கலாம்: அசல் தொகுப்பிலேயே பசலி வந்தவுடன் எடுத்துவிடலாம். மு.ஜ. பார்த்தேன், அ."

இது என் கையெழுத்து. மு.ஜ. என்பது நான்தான், முகமது ஜபருல்லா. 'அ.' என்பது என் மேலதிகாரி அமலநாதன் சார். சீட்டு கால் தாள் அளவு. பச்சை மை. மடிப்பில் கிழிந்திருக்கிறது.

நான் ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. சென்ற மாதம் தஞ்சாவூரில் மென்பொருள் எழுதும் பிள்ளைகள் சிலர் கூடிய இடத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், வெளியாள் எழுதின புரோகிராம எடுத்துக்கிட்டு அதுல நீங்க கை வச்சா, எதை மாத்தினோம்னு அப்பல்லாம் எப்படி ஞாபகம் வச்சுக்கிட்டீங்க?" பத்து நிமிடம் முறைகளைச் சொன்னேன். கை தட்டினார்கள். பதினேழாம் சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாகப்பட்டினம் பக்கத்து ஊர். டைப்ரைட்டிங் ஹையர், பிறகு திருச்சியில் ஒரு வருட கம்ப்யூட்டர் வகுப்பு. என் அண்ணன் (நாங்கள் நானா என்போம்) 1991இல் துபாய் போனார். தெருவில் என் வயதுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் போகவில்லை. தஞ்சாவூரில் விவசாயக் கணக்குகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் சிறிய மையம் ஒன்றில் 1994இல் சேர்ந்தேன். நான்கு அறை, ஆறு பேர். நாங்கள் எழுதிய நிரலுக்கு 'வயலேடு' என்று பெயர். எந்த நிலத்தில் யார், எப்போது, என்ன விதைத்தார்கள் என்று பதிந்து வைக்கும். மூலநிரலை மூடி வைக்காமல் யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று பின்னாளில் திறந்து வைத்தோம். அது அமலநாதன் சாரின் பிடிவாதம்.

அவர் வேளாங்கண்ணிக்காரர். தொலைபேசித் துறையில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். கத்தமாட்டார். யார் எதைச் சொன்னாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எங்க எழுதியிருக்கு?" என்று மட்டும் கேட்பார். மின்சாரம் நின்றது என்றால்கூட அதே கேள்வி. டீ கொண்டுவரும் சேகர், "சார், டீ ஆறிடுச்சுன்னு இன்னும் எங்கயும் எழுதல, அதுக்குள்ள குடிச்சிருங்க" என்பான். அதற்கு மட்டும் சிரிப்பார்.

எல்லாவற்றையும் நாமே எழுதமுடியாது. தேதி கணக்கிட, அச்சுப் போட, எழுத்துரு காட்ட என்று உலகத்தில் யாரோ எழுதித் திறந்து வைத்த தொகுப்புகளை எடுத்துத்தான் எங்கள் நிரலுக்குள் வைத்துக்கொள்வோம். அப்படி வந்தவற்றுக்கு ஒரு தனி ஃபோல்டர். 'வாடகை' என்று அதற்குப் பெயர் வைத்தவர் அவர்தான்.

"இது நாம குடியிருக்கிற வீடு ஜபர். நம்ம வீடு இல்ல. சுவத்துல ஆணி அடிக்கலாம், தப்பில்ல. எந்தச் சுவத்துல, எத்தனை ஆணி, எதுக்காக, எப்ப புடுங்குவோம்னு எழுதி வச்சுக்கணும். நாளைக்கு வீட்டுக்காரன் சுவத்த இடிச்சுக் கட்டினா, நம்ம காலண்டர் எங்க தொங்கிச்சுன்னு நமக்குத் தெரியணும்ல?"

அவருடைய முறை இதுதான். வெளியிலிருந்து ஒரு தொகுப்பு வந்தால் முதலில் அதைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். அது அசல். நாம் திருத்துவது இன்னொரு பிரதியில். அசலுக்கும் திருத்தியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் தனிக் கோப்பாக எடுக்க வேண்டும். அதைத்தான் பேட்ச் என்கிறார்கள். ஒரு காரணத்துக்கு ஒரு பேட்ச். இரண்டு காரியத்தை ஒன்றில் போட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு சீட்டு, அதில் ஆறு விவரம். கார்பன் வைத்து இரண்டு படி. ஒன்று கோப்பில், ஒன்று எழுதியவனிடம். புதிய பதிப்பு வந்தால் பழையதன் மேல் அப்படியே கொட்டக் கூடாது. புதிய அசலை எடுத்து, சீட்டு எண் வரிசைப்படி பேட்ச்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்குப் பிறகும் சோதனை ஓட்டிப் பார்க்க வேண்டும். போடத் தேவையில்லாத பேட்சைச் சீட்டின் கடைசி வரியைப் பார்த்து எடுத்துவிடலாம். அந்தக் கடைசி வரியை எழுதாமல் யாரும் அவரிடம் கையெழுத்து வாங்க முடியாது.

'வீட்டுக்காரருக்கு எழுதியாச்சா' என்ற ஐந்தாவது விவரத்தில்தான் அவருக்கும் எனக்கும் ஓயாமல் உரசல். அசலை எழுதியவருக்கு நம் திருத்தத்தை அனுப்ப வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால் ஆணி சுவரோடு சேர்ந்துவிடும், நாம் சுமக்க வேண்டாம். தேதித் தொகுப்பின் ஆசிரியர் ஐரோப்பாவில் எங்கோ இருந்தார். பசலி சேர்த்த அன்று, "அவருக்கு எழுது" என்றார் சார்.

"நம்ம தாலுகா ஆபீஸ் ஆண்டு அந்த ஆளுக்கு எதுக்கு சார்? படிச்சா சிரிப்பான்."

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டு ஏதாவது கேப்பான்ல?"

நான் எழுதவில்லை. என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு வெட்கம். அதை மறைக்க ஒரு காரணம் கிடைத்தது. சார் அடுத்த வாரமும் கேட்டார், அதற்கடுத்த வாரமும் கேட்டார். பிறகு கேட்கவில்லை.

பசலி என்பது நிலக் கணக்கின் ஆண்டு. இங்கே அது ஜூலை முதல் தேதி பிறந்து ஜூன் முப்பதில் முடியும். 2001 ஜூலையில் பிறந்தது 1411. பட்டா, அடங்கல், ஜமாபந்தி எல்லாம் அந்த ஆண்டைத்தான் பேசும். தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கிற யாரையும் கேளுங்கள், பசலி எப்போது பிறக்கும் என்ற கேள்வியே அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பசலி என்றால் ஒன்றுதான். அப்படித்தான் நானும் எழுதினேன்: "அசல் தொகுப்பிலேயே பசலி வந்தவுடன்." எந்தப் பசலி என்று எழுதவில்லை.

சார் 2003 கடைசியில் ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கு ஸ்ரீதர் வந்தார். முப்பது வயதுக்குள். பெங்களூரில் மூன்று வருடம் வேலை பார்த்தவர். கெட்டிக்காரர், மரியாதையானவர், கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்க விசாவுக்குக் காத்திருந்த இடைவெளியில் அப்பா அம்மாவோடு இருக்கலாம் என்று வந்திருந்தார். அப்போது எல்லோருமே எதற்கோ காத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள். எங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் சென்னைக்கும் ஒருவர் சிங்கப்பூருக்கும் போயிருந்தார்கள்.

2004 மே மாதம் தேதித் தொகுப்பின் புதிய பதிப்பை ஏற்றினார். சீட்டுக் கட்டை மேசையில் பரப்பிக்கொண்டு முறைப்படிதான் செய்தார். என்னைக் கூப்பிட்டார்.

"பாய், இந்தப் பதினேழு. புது வெர்ஷன்ல பசலி அவங்களே போட்டுட்டாங்க. எடுத்துடலாமா?"

"போட்டுட்டாங்களா?"

"ஆமா பாய், ஃபசலின்னு தனியா இருக்கு."

எனக்குப் பெருமையாக இருந்தது. நம் ஆண்டு உலகத்துக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். "வந்தாச்சுன்னா எடுத்துடுங்க தம்பி, சீட்டுலயே இருக்கே" என்றேன். என் மேசைக்குத் திரும்பி, அன்றைய நாட்குறிப்பில் அதை எழுதியும் வைத்தேன்.

ஜூன் மூன்றாம் வாரம் கமலா வந்தார். தாராசுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். ஓர் அறக்கட்டளையின் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் செய்துவந்தார். கணவர் பெயரில் இருந்த குத்தகை. கணவர் மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போய் ஆறாவது வருடம் அங்கேயே இறந்துபோனார். அவர் மஸ்கட் போன நாளிலிருந்து விதைத்தது, நட்டது, அறுத்தது எல்லாம் கமலாதான். அறக்கட்டளை விதிப்படி, குத்தகைதாரர் இறந்தால், இடைவிடாமல் சாகுபடி செய்த வாரிசுக்குப் பெயர் மாற்றித் தருவார்கள். முன்னனுமதி இல்லாமல் ஒரு பசலி முழுக்கத் தரிசு போட்டிருந்தால் கிடையாது. அறக்கட்டளை வயலேட்டைத்தான் பயன்படுத்தியது. கையால் எழுதும் நோட்டை நிறுத்தி மூன்று வருடமாகியிருந்தது.

கமலா ஒரு தாளை என் முன்னால் வைத்தார். பசலி 1410, சம்பா. பசலி 1411, தரிசு. பசலி 1412, சம்பா.

"நீங்கதான் இந்தக் கம்ப்யூட்டருக்கு எழுதுறவங்களா?"

"ஆமாம்மா."

"நடுவுல ஒரு வருஷம் நான் பயிரே வைக்கலையாம். அந்த வருஷம் நான் எங்க போயிருந்தேன்னும் அதுவே சொல்லிட்டா நல்லாருக்கும் பாய். எனக்கும் தெரிஞ்சுக்கணும்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏஜெண்டு சொல்றாரு, 'நான் என்னம்மா பண்றது, மிஷின் சொல்லுது'ங்குறாரு. மிஷினா வந்து நடவு நட்டுச்சு?"

பதிவை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் பசலியைப் பதிவதில்லை, விதைத்த தேதியைத்தான் பதிவோம். பசலியை அச்சடிக்கும்போது நிரல் கணக்கிடும். ஒரு விதைப்பு 2001 ஆகஸ்ட். அடுத்தது 2002 அக்டோபர். தண்ணீர் வராமல் குறுவை போய், சம்பாவும் தள்ளிப்போன வருடம் அது. ஜூலையில் பிறக்கும் பசலியில் முதலாவது 1411, இரண்டாவது 1412. இடையில் ஒன்றுமே இல்லை. ஆனால் நிரல் 1410 என்றும் 1412 என்றும் சொன்னது.

வாடகை ஃபோல்டரைத் திறந்தேன். புதிய பதிப்பில் இருந்த பசலி வடநாட்டுப் பசலி. அது நம் புரட்டாசி வாக்கில் பிறக்கிறது. ஆண்டு எண்ணும் நம்முடையதைவிட இரண்டு குறைவு. அப்படியானால் தாளில் 1408 என்றல்லவா வந்திருக்க வேண்டும்? ஸ்ரீதரைக் கேட்டேன்.

"அதுவா பாய்? ஏத்தினதும் ரெண்டு கம்மியா வந்துது. ஏதோ எர்ரர்னு நெனச்சு பிரிண்ட் பண்ற இடத்துல ரெண்டு கூட்டிட்டேன். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆச்சே."

"சீட்டு போட்டீங்களா?"

"நம்ம புரோகிராம்தானே பாய். வாடகைல நான் கை வைக்கலையே."

சோதனைக்கு வைத்திருந்த மூன்று தேதிகளும் தை, மாசி, பங்குனியில் இருந்தன. அவற்றை வைத்தவன் நான். இரண்டைக் கூட்டிவிட்டால் அந்த மாதங்களில் இரண்டு பசலியும் ஒத்துப்போகும். ஜூலைக்கும் புரட்டாசிக்கும் இடையில் மட்டும்தான் ஒத்துப்போகாது. ஒரு வருடம் ஆடி கடைசியிலும் அடுத்த வருடம் ஐப்பசியிலும் விதைத்தவர்களுக்கு நடுவில் ஒரு பசலி காணாமல் போகும். தண்ணீர் நேரத்துக்கு வராத ஊரில் அப்படித்தான் விதைப்பார்கள்.

ஸ்ரீதர் பதினேழாம் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். குத்திக்காட்டவில்லை. அவருக்கே முகம் வெளுத்திருந்தது. "பாய், இதுல இப்படித்தானே இருக்கு" என்றார். இருந்தது.

அன்று மாலைக்குள் பேட்சைத் திரும்பப் போட்டு, கூட்டிய இரண்டை எடுத்து, விதைத்த தேதிகளோடு புதிய தாள் அச்சடித்து, மறுநாள் காலை கமலாவோடு அறக்கட்டளையின் ஏஜெண்டைப் பார்க்கப் போனேன். வெற்றிலை போட்ட வாய். என்னை உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். கமலா நின்றார். ஏஜெண்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பாய், நேத்து உங்க கம்ப்யூட்டர் தரிசுன்னுச்சு. இன்னைக்குச் சம்பாங்குது. நாளைக்கு என்ன சொல்லும்?"

"இது பிழைங்க. எங்க பிழை. வெளி நிரல்ல பசலி மாறிப்போச்சு."

"சரி. எப்ப மாத்தினீங்க, யார் மாத்தினா, என்னன்னு மாத்தினீங்க? எங்க எழுதியிருக்கு?"

பத்து வருடம் கேட்ட வார்த்தை. அந்த வாயிலிருந்து வந்தது. இரண்டைக் கூட்டியதற்குச் சீட்டு இல்லை. என் சொந்த நாட்குறிப்பை விட்டால் எழுத்தில் இருந்தது ஒன்றே ஒன்று: பசலி வந்தவுடன் எடுத்துவிடலாம் என்ற சீட்டு, இரண்டு கையெழுத்தோடு. அதைக் காட்டினால் எடுத்ததுதான் சரி என்று ஆகும். என் பையில் அது இருந்தது. நான் எடுக்கவில்லை.

கிராமத்துப் பயிர்ப் பதிவேடான அடங்கலைப் பாருங்கள், அந்த வருடமும் பயிர் இருக்கும் என்றேன். "பயிர் இருக்கும், பேரு யார் பேரு இருக்கும்? எங்க அறக்கட்டளை பேருதானே" என்றார். அதுவும் உண்மை.

கமலா அப்போது வாயைத் திறந்தார். "பக்கத்து வயக்காரனக் கேளுங்க. நாத்து வாங்கினவனக் கேளுங்க. அறுத்த ஆளுங்கள நான் கூட்டியாறேன்."

"ஆளுங்க சொல்றத எழுதிக்கிட்டிருந்த காலம் போயிடுச்சும்மா. அதுக்குத்தானே கம்ப்யூட்டர் வச்சது."

நிலம் பை-பாஸ் சாலைக்குப் பக்கம் வந்திருந்தது. முதல் தாள் வந்த வாரத்திலேயே வேறொருவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. தாள் தவறு என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்றே இன்றுவரை நினைக்கிறேன். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. பொய்யை நாங்கள் அச்சடித்துக் கொடுத்திருந்தோம்.

வெளியே வந்ததும், கேஸ் போடலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். கமலா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"நீங்க நல்லவருதான் பாய். கேஸ் முடியிற வரைக்கும் நான் எந்த வயல்ல போய் நிக்கிறது?"

ஆடி பிறக்கும் முன் இரண்டு பிள்ளைகளோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அந்த ஆறு மாவில் இப்போது மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். பேருந்தில் போகும்போது நான் மறுபக்க ஜன்னலில் உட்காருவேன்.

ஜூலையில் வேளாங்கண்ணிக்குப் பேருந்து ஏறி அமலநாதன் சாரைப் பார்க்கப் போனேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். சீட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு முறை படித்தார்.

"எந்தப் பசலின்னு எழுதலையே, ஜபர்."

"ஆமா சார்."

"நானும் கேக்கலையே. என் கையெழுத்து இருக்குல்ல."

டீ கொடுத்தார். பேருந்து நிறுத்தம் வரை வந்தார். அடுத்த வருடம் இறந்துபோனார். செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

ஸ்ரீதர் செப்டம்பரில் நியூ ஜெர்சி போனார். போகும் முன், கூட்டிய இரண்டுக்கு ஒரு சீட்டு எழுதி, அன்றைய தேதி போட்டு, கையெழுத்திட்டு என்னிடம் கொடுத்தார். யாருக்கும் பயனில்லாத சீட்டு. வைத்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் ஐரோப்பியருக்கு எழுதினேன். நான் பயந்த ஆங்கிலத்தில்தான், எட்டு வரி. மூன்றாம் நாள் பதில் வந்தது. அவர் சிரிக்கவில்லை. இரண்டு விதப் பசலி உண்டு என்று தமக்குத் தெரியாது, எந்தெந்தப் பகுதிக்கு எது, ஆதாரம் உண்டா என்று கேட்டிருந்தார். ஐந்து வருடம் முன்பு எழுதியிருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார். நான் அனுப்பிய ஒன்பது வரி அந்த மாதமே அசலில் சேர்ந்தது. இன்றும் இருக்கிறது, என் பெயரோடு. கூட்டத்தில் அந்தப் பெண் அதைத் திரையில் காட்டியபோதுதான் கை தட்டினார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. படித்ததைக் குறித்துவைக்கும் நோட்டு ஒன்று எனக்கு உண்டு. எந்தக் குறிப்புக்கும் தேதி போடாமல் விடமாட்டேன். ஓய்வுக்குப் பிறகு பழைய நோட்டுகளைப் புரட்டியபோது ஒரு குறிப்பு கிடைத்தது. பழைய வருவாய்க் கையேடு ஒன்றிலிருந்து எடுத்தது: "வடக்கே பசலி புரட்டாசி வாக்கில் பிறக்கிறது, எண்ணும் வேறு." என் கையெழுத்து. அதற்கு முந்தைய குறிப்பின் தேதி 11.7.1999. அடுத்ததன் தேதி 20.8.1999. இந்த ஒன்றுக்கு மட்டும் தேதி இல்லை.

சீட்டு எழுதியது ஆகஸ்ட் மூன்று. அதற்குப் பிறகு படித்திருந்தால், ஐந்து வருடம் திருத்த நேரமிருந்தும் எனக்குத் தோன்றவில்லை என்றாகும். முன்பே படித்திருந்தால், தெரிந்தே அந்தக் கடைசி வரியை எழுதியிருக்கிறேன். கமலாவுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு ஒன்றல்ல. அந்தப் புத்தகத்தை எடுத்த நூலகத்துக்குப் போய் இரவல் பதிவேட்டைக் கேட்டேன். அந்த வருடத்துப் பதிவேடு மழையில் நனைந்து கழிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். கழித்ததற்கான குறிப்பையும் காட்ட முடியவில்லை. எந்தத் தேதியில் அதைப் படித்தேன் என்பது இதை எழுதும் நாள் வரை உறுதியாகவில்லை.